ஓரடிச் சதுரம்

டைல்ஸ் கடைக்காரர்களின் பொறுமையைச் சோதிக்க வேண்டுமென்றால் என் அக்காவை அனுப்பினால் போதும். அவள் வீட்டுக்குப் புதுத் தரை போடக் கடை கடையாக ஏறி இறங்கினோம். எல்லாக் கடையிலும் ஒரே பாட்டுதான். நாலடிக்கு ரெண்டடி போடுங்கள், ஜாயிண்ட் குறையும், ஹால் பெரிதாகத் தெரியும், முகம் பார்க்கலாம் என்று நெஞ்சுயரப் பலகைகளை இழுத்து இழுத்துக் காட்டினார்கள். அக்கா எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடையின் கோடியில் தூசி படிந்து கிடந்த ஒன்றுக்கு ஒன்றை, அதாவது ஓரடிச் சதுரத்தை எடுத்து, தரையில் வரிசையாக இடைவெளி விட்டு வைக்கச் சொன்னாள். செருப்பைக் கழற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் நடந்தாள். கடைக்காரர் என்னைத் தனியாக அழைத்து, அக்காவுக்கு உடம்பு எப்படி என்று பக்குவமாக விசாரித்தார். எனக்கு மானம் போயிற்று.

பளபளப்பு கூடாது, காலுக்குச் சொரசொரவென்று இருக்க வேண்டும். ஜாயிண்ட் மறையக் கூடாது, விரலில் தட்டுகிற மாதிரி அகலமாகப் பள்ளமாக இருக்க வேண்டும். சுவருக்கும் அதே சதுரம்தான். நடைவழியில் இடுப்பு உயரத்துக்கு, குளியலறையில் கை எட்டும் உயரத்துக்கு. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். திரும்பி வரும்போது வண்டியில்தான் காரணத்தைச் சொன்னாள்.

"அவருக்குக் கண்ணு போயிட்டிருக்குடி."

அத்தான் பஸ் ஓட்டியவர். ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்காதவர் என்று டெப்போவில் பெயர். தெருவில் அவரை எல்லோரும் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். முட்டி வலி என்று சொல்லி வேலையை முன்கூட்டியே விட்டார், நாங்களும் நம்பினோம். ஒருநாள் கதவில் மாட்டியிருந்த சட்டையிடம், "எப்ப வந்தீங்க, உக்காருங்க" என்றாராம். பின்னால் அக்கா நிற்பது தெரிந்ததும், சும்மா விளையாட்டுக்கு என்று சிரித்தாராம். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுப்படிக்குப் போய் அழுதிருக்கிறாள். அவருக்குத் தெரியாமல் அவருடைய கண் டாக்டரையும் போய்ப் பார்த்தாள். போனது திரும்பாது, மிச்சமும் மெல்ல மெல்லப் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நேரே கேட்டுவிட வேண்டியதுதானே என்று எரிந்து விழுந்தேன். எனக்கு இந்த மூடுமந்திரமெல்லாம் ஆகாது.

"அவர் வாயால சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. ஊரையே ஏத்திட்டுப் போன மனுஷன். நான் கையைப் புடிச்சு பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா, அன்னைக்கே செத்துருவாரு."

இதைச் சொன்னது யார் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். அக்கா வாயில் எதுவும் தங்காது. வீட்டோடு துணி தைத்துக் கொடுப்பவள். அளவு கொடுக்க வருகிறவர்கள் தெருக்கதை முழுவதையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். நான் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சொன்ன விஷயம் சாயங்காலத்துக்குள் எனக்கே திரும்பி வந்திருக்கிறது. அப்பேர்ப்பட்டவள் இந்த ஒன்றை விழுங்கிவிட்டு இருந்தாள்.

டைல்ஸ் போட வந்தவர் நல்ல வேலைக்காரர். தரை அக்கா கேட்டபடியே அமைந்தது. அத்தான் வெறுங்காலால் நடப்பார். கட்டைவிரல் ஒவ்வொரு ஜாயிண்டிலும் லேசாக உரசும், சர்க், சர்க் என்று. நடைவழியில் விரல்நுனி சுவரில் போகும். பார்க்கிறவர்களுக்கு, ஏதோ யோசித்துக்கொண்டே உலாத்துகிற மனிதர். டம்ளரைத் தேட மாட்டார், கதவில் இடிக்க மாட்டார். காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொள்வார். அக்கா தைத்துக்கொண்டே, "அநியாயத்தைப் பாத்தீங்களா" என்று ஆரம்பித்து அன்றைய செய்தி அத்தனையையும் சொல்லி முடித்துவிடுவாள். அவர் நானும் அதைத்தான் படித்தேன் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் சொல்லியே ஆக வேண்டும், அந்த வருஷங்களில் அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை.

தரையில் அக்காவுக்குப் பிடிக்காதது ஒன்றுதான். மாடியில் அத்தானுடைய அறை. அங்கிருந்து படி இறங்குகிற இடத்தில், கடைசி வரிசையில் ஒடுக்கமாக வெட்டிய துண்டுகளாக, கட் பீஸ்களாக வைத்திருந்தார் டைல்ஸ்காரர். கட் பீஸ் வந்தால் கட்டிலுக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ தள்ளுவதுதான் அவர்கள் வழக்கம். இவர் போயும் போயும் படிவாசலில் வைத்துவிட்டாரே என்று அவளுக்குக் குறை. நாளாக ஆக அந்தத் துண்டுகள் ஆட ஆரம்பித்தன. ஒன்று பெயர்ந்து முனை எழும்பி நின்றது. அத்தானின் கால் அதில் தடுக்கினால் நேரே படிதான். அக்காவுக்கு அந்த நினைப்பு வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

அத்தான் தம்பி வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து வேறொரு ஆளைப் பிடித்தாள். பழைய டைல்ஸ்காரர் அப்போது வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டிருந்தார். அந்தச் சதுரமும் இப்போது வருவதில்லை என்றார்கள். அதனால் படிவாசல் முழுவதையும் பெயர்த்துவிட்டு, அந்த இடத்துக்கு ஒரே பலகையாகப் பெரிய டைல்ஸ் ஒன்றைப் பதித்தார்கள். ஆடாது, தடுக்காது, ஓரம் வழவழவென்று சுத்தமாக இருந்தது. அக்காவுக்கு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பாடு.

அத்தான் வந்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? மேலே போய்ப் பாருங்கள் என்று சொன்னால் அது குத்திக்காட்டுவது போல ஆகிவிடும். காலில் படும்போது தானாகத் தெரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டாள். அவர் அன்று பயணக் களைப்பில் ஷூவைக்கூடக் கழற்றாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ப் படுத்தார். மத்தியானம் எழுந்து, வெறுங்காலோடு இறங்க வந்தார். தைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு மேலே சர்க், சர்க் என்று கேட்டது. பிறகு கேட்கவில்லை. பிறகு விழுந்த சத்தம்தான் கேட்டது.

துக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு நான் அக்காவோடு தங்கினேன். நான் பேய் பிசாசு என்று பயப்படுகிற ஆள் இல்லை, யாராவது சொன்னால் கிண்டல் செய்கிற ஆள். ஆனால் கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. நல்ல வெயில் அடிக்கிற மத்தியான வேளையில், தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போகும்போதே, மாடியில் சர்க் என்று கேட்கும். சற்றுப் பொறுத்து இன்னொன்று. அறையிலிருந்து படிவாசல் வரைக்கும் வரும், அங்கே நின்றுவிடும். எலியாக இருக்கும், ஜன்னல் திரையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அக்கா தையல் மிஷினை வேகமாக மிதிப்பாள். கேட்டதா என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்த வீட்டுப் பழக்கம் என்னையும் தொற்றிக்கொண்டது.

இப்படி இருக்கும்போதுதான் பழைய டைல்ஸ்காரர் ஊர் திரும்பி, விஷயம் கேள்விப்பட்டுத் துக்கம் விசாரிக்க வந்தார். எங்கே விழுந்தார் என்று கேட்டார். நான் மாடிக்குக் கூட்டிப் போனேன், அக்காவும் பின்னால் வந்தாள். படிவாசலைப் பார்த்ததும் மனிதர் அப்படியே குந்திவிட்டார். அந்தப் பெரிய பலகையைக் கையால் தடவினார். இதை யார் மாற்றியது என்று கேட்டார். ஆடிக்கொண்டிருந்தது, நான்தான் மாற்றினேன் என்றாள் அக்கா.

"அது மிச்சம் விழுந்த பீஸ் இல்லம்மா. சார் கேட்டு வெச்சது. மத்த எடமெல்லாம் முழுசா இருக்கட்டும், படிக்கு முன்னாடி மட்டும் ஒடுக்கமா வையி, கால்ல பட்டதும் நின்னுக்குவேன்னாரு."

அக்கா முன்னால் வந்தாள். கண் தெரியாததை அவர் உங்களிடம் சொன்னாரா என்று கேட்டாள். சொன்னார், வீட்டில் மூச்சு விடக் கூடாதென்று சத்தியமும் வாங்கிக்கொண்டார் என்றார் அவர். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். டைல்ஸ்காரர் என்னைப் பார்த்தார். அக்கா விடவில்லை.

"தெரியும்மா. ஒண்ணுக்கு ஒண்ணை அவ எனக்காகத்தான் எடுத்திருக்கான்னு சொன்னாரு. எனக்குக் கண்ணு நல்லா இருக்கிற மாதிரி அவ நடிக்கிறா, அதுல அவளுக்கு ஒரு நிம்மதி, அதை நான் கெடுக்கக் கூடாதுன்னாரு."

"எனக்கா நிம்மதி?" என்றாள் அக்கா.

டைல்ஸ்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு இரண்டு பேர் மீதும் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. அத்தனை பேச்சு பேசினவள், இந்த ஒரு பேச்சைப் பேசியிருக்கக் கூடாதா? அவராவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? அன்றைக்கு எனக்கு அழுகையும் சேர்ந்துதான் வந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். மேலே சர்க் என்று கேட்டது. அக்கா மிஷினை நிறுத்தினாள். எழுந்து படியின் அடியில் போய் நின்று, மேலே அண்ணாந்து பார்த்தாள். சத்தம் மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. துணி அளவு சொல்கிற அதே சாதாரணக் குரலில் சொன்னாள்:

"அங்க நில்லுங்க. அதோட தரை முடியுது. நான் வந்து கையைப் புடிச்சுக்கிறேன்."

சொல்லிவிட்டுப் படி ஏறினாள்.