கயித்த விடச் சொல்லி ஒரு ஜெபம்

சகோதர சகோதரிகளே, நான் இன்னைக்கு உங்க முன்னால நின்னு பேசுறதே ஆண்டவர் போட்ட பிச்சை. போன ஐப்பசி மழைக்கப்புறம் சித்தையன்கோட்டை பக்கம் ஒரு தோட்டத்துக் கிணத்துல என் கதை முடிஞ்சிருக்கணும். முடியல. ஏன் முடியலன்னு சொல்றேன், செத்த நேரம் கேளுங்க.

என் பேரு ஆரோக்கியம். நாகல் நகர்ல குடியிருக்கேன். கிணத்துல விழுந்த மோட்டாரு, பைப்பு எல்லாம் எடுத்துக் குடுக்குறதுதான் என் தொழில். முதுகுல காத்து சிலிண்டர், வாயில மூச்சு இழுக்குற ரப்பரு, அப்படியே அடிவரைக்கும் போயிருவேன். ராமேஸ்வரம் பக்கம் கடல்ல முறையாக் கத்துக்கிட்டது. என்னத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், நான் சரியான வாயாடி. டவுன் பஸ்ல ஏறுனா கண்டக்டரோட வம்பு வளக்காம இறங்க மாட்டேன். எம்புட்டுப் பெரிய சிக்கலா இருந்தாலும் பேசியே சமாளிச்சிரலாம்னு எனக்கு ஒரு திமிரு.

தண்ணிக்குள்ள மனுசன் மெதப்பான். அதனால ஈயக்கட்டி கோத்த பெல்ட்ட இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் இறங்கணும். எல்லாத்தையும் மாட்டின பெறகு கடைசியாத்தான் அதக் கட்டணும். அதுக்கு மேல ஒரு நூலுகூட வரக்கூடாது. ஆபத்துன்னா ஒத்தக் கையால பக்கிள வெடுக்குன்னு இழுத்துக் கழட்டி விடணும்ல! ஈயம் கீழ போயிரும், மனுசன் மேல வந்துருவான்.

ஆனா நம்ம ஊரு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? கிணத்துல எவன் இறங்குனாலும் இடுப்புல கயிறு கட்டாம விட மாட்டாங்க. தோட்டக்காரர் காதர் பாய் கயித்தோட வந்து நின்னாரு. "பாய், பெல்ட்டுக்கு மேல கயிறு வரக்கூடாது"ன்னேன். "ஏலே அப்பு, நீ உன் சிலிண்டர நம்பு, நான் கயித்த நம்புறேன். கயிறு இல்லாம என் கிணத்துல இறங்காத"ன்னுட்டாரு. பாவம், பாசத்துல இறுக்கி ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டாரு. சரியா பக்கிளு மேலேயே விழுந்துச்சு. "ஒரு சுண்டு சுண்டு, தூக்கிருவோம்"னாரு. அதுவும் எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்குதான். கயித்தச் சுண்டுனா மேல இழுக்கணும்.

அன்னைக்கு என் வீட்டுக்காரி செல்வியும் கூட வந்திருந்தா. வேலை முடிஞ்சதும் அப்படியே ஆத்தூர்ல அவ தங்கச்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம். பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு, "சீக்கிரம் வந்து சேருங்க, பூசைக்கு நேரமாகுது"ன்னு கிணத்து மேட்டுல நின்னு கத்துனா. தண்ணிக்குள்ள முங்குறதுக்கு முன்ன நான் கடைசியாக் கேட்ட மனுசக் குரல் அதுதான்.

அடியில ஒரே கலங்கல். கையத் தடவித் தடவித்தான் மோட்டாரக் கண்டுபிடிச்சேன். அதுல சுத்திக் கிடந்த பழைய வயர அறுக்கும்போது கத்தி நழுவிச் சேத்துக்குள்ள போயிருச்சு. போனாப் போகுது, வேற கத்தி வாங்கிட்டு வரலாம்னு மேல கிளம்புனேன். உடைஞ்சு சாஞ்சு நின்ன ஒரு இரும்புப் பைப்பு, நான் போட்டிருந்த காத்து ஜாக்கெட்டக் கிழிச்சிருச்சு. உள்ள இருந்த காத்தெல்லாம் புஸ்ஸுன்னு போச்சு. இனி அது என்னத் தூக்காது. ஈயம் கீழ இழுக்குது. முட்டி மடங்கி அடியில உக்காந்துட்டேன்.

சரி, பெல்ட்டக் கழட்டுவோம்னு கையக் கொண்டு போனா, பக்கிளு மேல முடிச்சு. முடிச்சு நெகிழணும்னா கயித்துல தொய்வு வேணும். அதுக்காகக் கயித்தக் கீழ இழுத்தேன்.

மேல இருந்தவங்க என்ன நெனப்பாங்க? சுண்டிட்டான், தூக்குங்கடான்னு காதர் பாயும் அவரு ரெண்டு மகன்களும் சேர்ந்து இழுத்தாங்க. கயிறு அந்தப் பைப்பச் சுத்திக் கிடந்துச்சு. அவங்க இழுக்க இழுக்க நான் மேல போகல, பைப்போட போய் ஒட்டிக்கிட்டேன். சுருக்கு வயித்த அறுத்துச்சு. நான் மறுபடி கீழ இழுத்தேன். அவங்க இன்னும் பலமா இழுத்தாங்க. ஐயோ, என்னக் காப்பாத்தணும்னு நெனச்சவங்க கையாலேயே சாகப் போறேனேன்னு அழுகை வந்துச்சு. விடுங்கய்யான்னு ஒரு வார்த்தை சொல்லணும். ஊரெல்லாம் வாயடிச்சவனுக்கு வாயில ரப்பரு. அதத் துப்புனா செத்தேன்.

சிலிண்டர்ல மிச்சக் காத்தக் காட்டுற மீட்டர முகக் கண்ணாடிகிட்ட வச்சுப் பாத்தேன். முள்ளு சிவப்புக்குள்ள போயிருச்சு. ஜெபமாலை மந்திரம் சொல்லலாம்னா பாதியிலேயே மறந்து போச்சு. கை ஓஞ்சு போச்சு. எம்புட்டு நேரம் அப்படிக் கிடந்தேன்னு தெரியாது. மனசுக்குள்ள ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "ஆண்டவரே, எனக்கு வாய் இல்ல. நீங்களே போய் அவங்ககிட்டக் கயித்த விடச் சொல்லுங்க." சொல்லிட்டுக் கடைசியா ஒரு தடவ, பலமே இல்லாம, கயித்தக் கீழ இழுத்தேன்.

கயிறு தொளதொளன்னு வந்துச்சு.

எனக்கு நம்பவே முடியல. விரல விட்டுச் சுருக்க நெகிழ்த்திக் கால் வழியா உருவினேன். பக்கிள இழுத்தேன். பெல்ட்ட ஒடம்புல மாட்டாம கைய நீட்டித் தள்ளிப் பிடிச்சுக் கீழ விட்டேன். ஒடம்பு தானா எந்திரிச்சுச்சு. மேல வரும்போது மூச்ச அடக்குனா நெஞ்சு கிழிஞ்சிரும்னு படிச்சது நல்லவேளையா ஞாபகம் இருந்துச்சு. மூச்ச விட்டுக்கிட்டே வந்தேன். தலை வெளிய வந்ததும் வெயில் முகத்துல அடிச்சுச்சு. படியப் பிடிச்சுக்கிட்டுப் பச்சப் பிள்ள மாதிரி அழுதேன்.

மேல பாத்தா செல்வி பட்டுச் சேலையெல்லாம் சேறா நிக்குறா. காதர் பாய் மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டு "யா அல்லாஹ், யா அல்லாஹ்"ங்குறாரு. விஷயம் என்னன்னா, என் வீட்டுக்காரி அவரு கையக் கடிச்சு வச்சிருக்கா! விடுங்க விடுங்கன்னு கத்தியிருக்கா. யாரும் கேக்கல. கோட்டி பிடிச்சிருச்சாம்மான்னு வஞ்சிருக்காங்க. உடனே கடிச்சுட்டா. அவரு கையெடுக்க, மகன்களும் பயந்து விட்டுட்டாங்க.

"உனக்கு யாருடி சொன்னா?"ன்னு கேட்டேன். "யாரும் சொல்லல. மேல வாரவரு கயித்த எதுக்குக் கீழ இழுக்கணும்? நீங்க கயித்தக் கேக்குறீங்கன்னு பட்டுச்சு. கேட்டாக் குடுக்க வேண்டியதுதான"ன்னா. யாரும் சொல்லலன்னு அவ நெனச்சுக்கிட்டு இருக்கா. யாரு சொன்னதுன்னு எனக்குத் தெரியும்.

ஈரத் துணியோடவே ஞானஸ்நானத்துக்குப் போனோம். நன்றி சொல்றதத் தவிர அன்னைக்கு எனக்கு வேற எதுவும் வரல. இப்ப எந்தக் கிணத்துல இறங்குனாலும் கயிறு நெஞ்சுல, பெல்ட்டு தனியா. ஒரு சுண்டுன்னா இழுக்கணும், ரெண்டு சுண்டுன்னா விடணும்னு மேல நிக்குறவங்களத் திருப்பிச் சொல்ல வச்சிட்டுத்தான் காலை வைப்பேன். என் வாயும் பாதி கொறஞ்சிருச்சுன்னு பஸ் கண்டக்டரே சொல்றாரு.

இங்க உக்காந்திருக்குற உங்கள்ல யாருக்காச்சும் ஜெபிக்கக்கூட வார்த்தை வரலன்னா, கவலப்படாதீங்க. வாயே இல்லாம கேட்டவன் நான், எனக்கே கெடச்சுச்சு. நம்பிக் கேளுங்க. சந்தேகமா இருந்தா சித்தையன்கோட்டைக்குப் போங்க. காதர் பாய் சட்டைக் கையச் சுருட்டி, அந்தப் பல்லுத் தடத்தக் காட்டுவாரு. "ஆரோக்கியத்தோட உசுரு இங்கன இருக்கு"ம்பாரு.