சைலன்சருக்குச் சுற்றிய சீவல் டப்பா

எங்கள் வீட்டுக் காருக்கு ஹாரன் தேவைப்பட்டதே இல்லை. என் மாமனார் ஒரு டாக்டரிடமிருந்து பழசாக வாங்கிய வண்டி அது. எஞ்சினிலிருந்து பின்பக்கம் போகும் புகைக்குழாயை எல்லோரும் சைலன்சர் என்றுதான் சொல்வோம். அதில் ஒரு விரிசல். நான் கல்யாணமாகி வந்தபோதே இருந்தது. "அறுவடை முடியட்டும், மாத்திடலாம்" என்பார் என் கணவர். குறுவை முடியும், சம்பா முடியும், விரிசல் அப்படியே இருக்கும். ஒரு தகரத்தைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்கிவிடுவார். கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருக்கும், பிறகு பழையபடி தடதடவென்று கத்தும்.

அதிலும் ஒரு சௌகரியம் இருந்தது. சாயங்காலம் மாமனார் தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது, வண்டி வாய்க்கால் பாலத்தில் ஏறும் சத்தம் வீடு வரைக்கும் கேட்கும். உடனே என் நாத்தனார் கூடத்திலிருந்து குரல் கொடுப்பாள்: "அண்ணி, பால அடுப்புல வைங்க, அப்பா வந்துட்டாங்க." அவர் செருப்பைக் கழற்றிக் கால் கழுவி வருவதற்குள் காப்பி தயாராக இருக்கும்.

அந்த நாத்தனார்தான் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வேறு சாதி. அது போதாதென்று, கூலி உயர்வு கேட்ட வயல் தொழிலாளர்களுக்காக மேடை ஏறிப் பேசுகிற ஆள். அந்த நாளில் எங்கள் பக்கம் எங்கே போனாலும் அதே பேச்சுதான். கூலி நெல், வெளியூர் ஆள், போலீஸ். எங்கள் நிலத்திலேயே அறுக்க ஆளில்லாமல் கதிர் சாய்ந்து கிடந்தது. "என் களத்துல கொடி நட்டவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று மாமனார் சொல்லிவிட்டார். கல்யாணமோ சுயமரியாதைக் கல்யாணம். ஐயரும் கிடையாது, ஓமமும் கிடையாது. புதிதாக வந்த ஆட்சி அதைச் சட்டமாகவே ஆக்கியிருந்தது. வேண்டுமென்றே ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு, சரியாக இராகு காலம் தொடங்கும்போது வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு மாமனார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

நாத்தனார் ஒரு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கொல்லைப்புறத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா வரலேன்னாலும் நான் கட்டிக்குவேன் அண்ணி. ஆனா அதுக்கப்புறம் எனக்கு எந்த நல்ல நாளும் முழுசா நல்ல நாளா இருக்காது." கோபம் வந்தால் என் வாய் சும்மா இராது. ஆனால் அந்த வாரம் முழுக்க நான் மாமனாரிடம் பேசவே இல்லை. சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். நான் திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு உறைத்திருக்காது என்று என் கணவர் பிறகு சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமனார் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து காரின் பின்சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் அவருடைய நீளமான சீவல் டப்பா. அது இல்லாமல் அவர் எங்கேயும் போகமாட்டார்.

"வண்டிய எடு" என்றார் மகனிடம்.

"எங்கப்பா?"

"எங்கேன்னு உனக்குத் தெரியாதா?"

நான் தலையை வாரக்கூட இல்லை. கொடியில் கிடந்த பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து முன்சீட்டில் ஏறினேன். எனக்கு ஒரே பயம்தான். தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தோமானால் இந்த மனிதர் வண்டியை விட்டு இறங்கமாட்டார். "முடிஞ்சுதா? சரி, திருப்பு" என்பார். அந்த வீம்பு எனக்குத் தெரியும்.

கும்பகோணம் வரைக்கும் ஒழுங்காகத்தான் போனோம். திருவிடைமருதூர் தாண்டி ஒரு குறுக்குச் சாலையில் திரும்பினோம். அங்கே மதகின் மேட்டில் வண்டி ஏறி இறங்கியதும் அடியில் டங்கென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் அது காராகவே இல்லை, ஆள் ஏற்றி வரும் லாரி மாதிரி அலறியது. விரிசல் வாயைப் பிளந்துவிட்டது.

அடுத்த ஊர் முனையிலேயே சாலையில் வைக்கோலைப் போட்டு மறித்துவிட்டார்கள். அறுவடை வேலைநிறுத்தம் செய்கிற ஆட்கள். வெளியூரிலிருந்து அறுக்க ஆள் வருகிறது என்று நினைத்து, சத்தம் கேட்டதும் வாய்க்கால் கரையில் இருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். முன்பானால் மாமனாரைப் பார்த்ததும் "ஆண்டே" என்று ஒதுங்கி நின்றிருப்பார்கள். அன்று ஒருவர் கதவருகே வந்து, "பெரியவரே, எந்த ஊர், எங்க போறீங்க?" என்று நேராகக் கேட்டார். மாமனார் முகம் சிவந்தது. நான் முந்திக்கொண்டு மாப்பிள்ளையின் ஊரைச் சொன்னேன், வாத்தியாரைச் சொன்னேன், பெண்ணின் அப்பா இவர்தான் என்றும் சொன்னேன்.

"எங்க வாத்தியாரு கல்யாணத்துக்கா?" என்றாள் அரிவாளோடு நின்ற ஒரு அம்மாள். "போலீசு எங்க வூட்டு ஆம்பளைங்களப் புடிச்சிட்டுப் போனப்ப, ஸ்டேஷன் வாசல்ல ராப்பூரா நின்னவருங்க அவரு." அதை அவள் மாமனாரைப் பார்த்துத்தான் சொன்னாள். அவர் வேறு பக்கம் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

வைக்கோலை அகற்றிவிட்டார்கள். ஆனால் அந்த ஆள் எச்சரித்தார்: "இந்தச் சத்தத்தோட போனீங்கன்னா ஊருக்கு ஊர் மறிப்பாங்க. சில இடத்துல கல்லு வந்து விழுந்த பொறவுதான் யாருன்னு கேப்பாங்க." ஆக, வண்டியின் வாயை அடைத்தால்தான் கல்யாணம். என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் நுழைந்தார். குழாய் பழுக்கக் காய்ந்திருந்தது. சீக்கிரம் ஆறட்டும் என்று நான் தண்ணீர் ஊற்றப் போனபோது, "ஊத்தாத, இன்னும் விரியும்" என்று அடியிலிருந்தே கத்தினார். அது ஆறுகிறவரைக்கும் நான் சாலையில் நடந்த நடைக்குத் தஞ்சாவூருக்கே போயிருக்கலாம்.

பிறகு அவர் வாய்க்கால் வண்டலை அள்ளி விரிசலில் அப்பினார். வண்டியைக் கிளப்பிப் பார்த்தோம். சூடு ஏறியதும் சேறு பாளம் பாளமாக வெடித்து விழுந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "வெறும் சேறு எங்கயாச்சும் நிக்குமா? அடுப்பு போடத் தெரிஞ்சவங்கள ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிடுவீங்க?" என்றேன். எங்கள் பக்கத்தில் மண்ணடுப்புப் போடும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும், உமி சேர்க்காத களிமண் தீயில் நிற்காது. அரிவாள் வைத்திருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தன் குடிசையிலிருந்து ஒரு முறம் உமி கொண்டுவந்து கொட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் சாலையோரத்தில் உட்கார்ந்து சேறு பிசைந்தோம். என் பட்டுப்புடவையைப் பார்த்து, "சம்பந்தி வூட்டுக்குப் போற அழகப் பாரு" என்றாள்.

மேலே சுற்றத் தகரம் வேண்டும். கட்டுக்கம்பி எப்போதும் டிக்கியில் இருக்கும், தகரம் இல்லை. ஆளுக்கொரு பக்கம் தேடிக்கொண்டிருந்தோம். அப்போது பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது. சீவல் டப்பா. உள்ளே இருந்த சீவலை மேல்துண்டில் கொட்டிக்கொண்டு, டப்பாவை மட்டும் நீட்டினார் மாமனார். அந்த அம்மாள் அதை வாங்கி அரிவாளால் நெடுக்கக் கிழித்து விரித்தாள்.

"ஸ்ட்ரைக்கு நேரத்துல அரிவாளால அறுக்கலாமாம்மா?" என்றார் என் கணவர்.

"கதிருக்குத்தாங்க ஸ்ட்ரைக்கு, தகரத்துக்கு இல்ல."

என் கணவர் உமிச்சேற்றைக் கனமாக அப்பி, மேலே தகரத்தைச் சுற்றி, கம்பியை முறுக்கிவிட்டார். வண்டியைக் கிளப்பினோம். உர்ரென்று மட்டும் ஒரு சத்தம். புகை உள்ளே வந்தாலும் வரும் என்று கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டுக்கொண்டு புறப்பட்டோம். வழியெல்லாம் புது அடுப்பு மூட்டின வாசனை. ஊர் ஊராகத் தாண்டினோம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் பொழுது சாய்ந்துகொண்டே இருந்தது.

ஊரை நெருங்கியபோது விளக்கு வைக்கும் நேரம். தூரத்தில் கறுப்பு சிவப்புத் தோரணம் தெரிந்தது. ஒலிபெருக்கியில் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலம் போயிடுச்சு" என்றார் மெதுவாக. "நல்லா பேசட்டும்." கட்சிக்காரர் பேச்சை அவர் வாழ்த்தியது அதுதான் முதல் தடவை.

அந்தப் பேச்சு ஏன் அவ்வளவு நீண்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தலைமை தாங்கியவர் முடிக்கப்போகும் போதெல்லாம் மணப்பெண் குனிந்து, "இன்னும் கொஞ்சம் பேசுங்கய்யா" என்றிருக்கிறாள். அந்த மனிதரிடம் வாழ்க்கையில் அப்படி யாரும் கேட்டதே இல்லையாம். பூரித்துப்போய்ச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அவள் காது மட்டும் சாலையில் இருந்திருக்கிறது. அவள் எதிர்பார்த்தது எங்கள் வண்டியின் சத்தத்தை. நாங்களோ உமியும் சேறும் வைத்து அதை அடைத்துவிட்டு, பூனை மாதிரி வந்துகொண்டிருந்தோம்.

பந்தலுக்கு முந்தின வளைவில் மாட்டுவண்டிகள் அடைத்து நின்றன. "இத்துடன் என் உரையை முடித்துக்கொண்டு, மணமக்கள் இப்போது..." என்று ஒலிபெருக்கியில் கேட்டது. என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டியை ஓரமாக இறக்கி, அங்கிருந்த வாய்க்கால் பாலத்தின் மேல் ஒரே மூச்சாக ஏற்றினார். அடியில் ஏதோ உரசியது. சீவல் டப்பா கம்பியோடு பிய்த்துக்கொண்டு விழுந்து பாலத்தில் உருண்டது. வண்டி அந்தப் பழைய குரலில், முன்னைவிடப் பெரிதாக, தடதடவென்று அலறியது. காளைகள் மிரண்டன. ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

என் கணவர் பதறிப்போய் எஞ்சினை அணைத்தார். ஊரே அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில், மைக்குக்குப் பக்கத்தில் நின்றதால்தான் போலிருக்கிறது, சமையல் பந்தல் பக்கம் திரும்பி என் நாத்தனார் சொன்னது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

"பால அடுப்புல வைங்க, அப்பா வந்துட்டாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். மாமனார் சீவல் டப்பாவைத் தேடிப் பக்கத்துச் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, கதவின் கைப்பிடி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

"கதவத் தொறம்மா" என்றார். "காப்பி ஆறிடும்."