அக்கா எடுக்கவில்லை

என் அக்காவைத் திருடி என்று முதலில் சொன்னது அம்மா. வீடே அதை நம்பியது. நம்பாதவன் ஒருவன் இருந்தான், அவன் வாயைத் திறக்கவில்லை. அது நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு, தங்கைக்கு இரண்டு. தங்கைக்காக வாங்கிய பால் பவுடர் டப்பா சமையலறை அலமாரியில் இருக்கும். அது நாளுக்கு நாள் இறங்கியது. அம்மா எங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். நான் ஈர்க்குச்சி. தங்கை குழந்தை. அக்காவுக்குத்தான் வாசலை அடைத்து நிற்கும் உடம்பு. விசாரணை அதோடு முடிந்தது.

"நான் எடுக்கலம்மா."

"பின்ன காத்தைக் குடிச்சா இந்த உடம்பு வந்துச்சு?"

அக்கா அழுதாள். என் மேல் அண்ணத்தில் அப்போதும் பால் பவுடர் ஒட்டிக்கொண்டிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் நடுவே நாலடி தூரம்தான்.

மறுநாள் அலமாரிக்குப் பூட்டு வந்தது. சாவியை அம்மா கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குத் திருட வழியில்லாமல் போனது, டப்பா இறங்குவதும் நின்றது. "பாத்தியா, நான் சொல்லல?" என்றாள் அம்மா. ஆனால் அக்காவின் உடம்பு இறங்கவில்லை. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மாவை அரக்கியாக்க எனக்கு விருப்பமில்லை. "நீ தின்னா உடம்புல ஒட்டாதுடா, இன்னொரு வாய் போட்டுக்கோ" என்று எனக்கு அள்ளி வைப்பவள், அக்கா தட்டில் பாதியோடு கையை இழுத்துக்கொள்வாள். அக்காவின் நல்லதுக்குத்தான் என்று மனதார நம்பினாள். தங்கை பேசக் கற்றதும் அக்காவுக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்தாள். எல்லோரும் சிரித்தோம். பெயர் நிலைத்துவிட்டது.

அக்கா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். விடுதிகளிலிருந்து வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளை, கொதிக்கும் உருளைக்குள் சுருக்கம் இல்லாமல் பிடித்துக் கொடுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்ற நிலை. அந்த வெக்கையில் ஒல்லியானவர்களே மயங்கி விழுவார்கள். அக்கா விழுந்ததில்லை. "உள்ள சரக்கு இருக்கு, தாங்குது" என்று மேற்பார்வையாளர் சொல்வாராம். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் அக்கா அதைச் சற்றுச் சாய்த்துப் பிடிப்பாள், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணில் படும்படி. வீட்டில் கதவைத் திறந்து வைத்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். நாற்பது வயதிலும் அப்படித்தான். சாரல் அடித்தாலும் சாத்தமாட்டாள். அவளைக் கேட்டு வந்த இரண்டு இடமும் தட்டிப்போனது. "தீனி போட்டுக் கட்டுப்படியாகாது" என்று ஒருவர் எங்கள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா படுத்த படுக்கையானபோது குளிப்பாட்டியது, துடைத்தது, புரட்டிப் போட்டது எல்லாம் அக்கா. நானும் தங்கையும் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள். சாவதற்கு மூன்று நாள் முன்பு அம்மா கழுத்துக் கயிற்றைக் கழற்றச் சொன்னாள். சாவியைத் தங்கை கையில் வைத்தாள்.

"உன்கிட்ட இருக்கட்டும். பெரியவ கையில மட்டும் குடுத்துடாத."

அக்கா கால்மாட்டில் உட்கார்ந்து அம்மாவின் பாதங்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன். அன்றாவது சொல்லியிருக்கலாம். கோழைத்தனம் என்று அதற்குப் பெயர் வைக்கலாம், ஆனால் நான் செய்ததற்கு அது மரியாதையான பெயர்.

அடுத்த வருடம் தங்கை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த இடம் சீழ் பிடித்து, இரண்டு வாரம் வீரியமான ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சீழ் போனது, வயிற்றுப்போக்கு வந்தது. நிற்கும், திரும்ப வரும். மூன்றாம் முறை மருத்துவமனையில் சேர்த்தபோது அவள் முப்பத்தெட்டு கிலோ. பிழைப்பாளா என்று எங்களுக்கே சந்தேகம்.

"மருந்து கெட்ட கிருமியோட நல்ல கிருமியையும் சேத்து அழிச்சிடுச்சு," என்றார் மருத்துவர். "இன்னொருத்தர் குடல்ல இருக்கற கிருமிய இவங்களுக்குள்ள விடணும். மலத்துலேர்ந்துதான் எடுக்கணும். கூடப்பொறந்தவங்க இருக்கீங்களா?"

நான், அவள் கணவர், அக்கா மூவரும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். என் வயிற்றில் ஒட்டுண்ணி இருந்தது. அவள் கணவர் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி. "மூணு பேர்ல உங்க அக்கா வயிறுதான் சுத்தம்," என்றார் மருத்துவர். அவர்கள் நிரப்பிய படிவத்தில் எடையைக் கேட்கும் கட்டமே இல்லை.

சிறுநீரகம் கொடுத்தால் ஊர் கூடிப் புகழும். என் அக்கா கொடுத்ததை வெளியே சொல்லக்கூட முடியாது. பத்தே நாளில் தங்கை எழுந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்டாள்.

அப்புறம் உடம்பு வைக்க ஆரம்பித்தது. தேறிவிட்டாள் என்று முதலில் சந்தோஷப்பட்டோம். ஒன்றரை வருடத்தில் எழுபத்தாறு கிலோ. நோய் வருமுன் அவள் ஒருநாளும் ஐம்பத்திரண்டைத் தாண்டியதில்லை. துணிக்கடை முகப்பில் நின்றவளைப் பின்பக்கக் கிடங்குக்கு மாற்றினார்கள். அரை வயிறு சாப்பிட்டாள், படிக்கட்டில் ஏறி ஏறி இறங்கினாள். எடை அசையவில்லை. ஒருநாள் வீட்டில் பிஸ்கட் டப்பா காலியாகக் கிடந்ததாம். யார் தின்றார்களோ. அவள் கணவர் டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பசிச்சா நேரா சாப்பிடேன், எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?" என்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

நான் அவளை அதே மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

"எலிங்கள வெச்சுப் பாத்திருக்காங்க," என்றார் அவர். "குண்டானவங்க குடல் கிருமிய, கிருமியே இல்லாம வளத்த எலிக்குள்ள விட்டா, தீனி அதேதான், ஆனா கொழுப்பு கூடுது. ஒல்லியானவங்களோடத விட்டா அவ்வளவு கூடறதில்ல. ஒரே சாப்பாட்டுலேர்ந்து சில கிருமிங்க அதிகமா சக்திய எடுத்து உடம்புக்குக் குடுத்துடுதுன்னு நினைக்கறாங்க. பசி, கொழுப்பு சேர்றது எல்லாத்துலயும் அதுங்க கை இருக்கு. ஆனா உங்க விஷயத்துல அதுதான் காரணம்னு நான் அடிச்சு சொல்லமாட்டேன். நோய் தேறினதாலயும் இருக்கலாம்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க அக்கா குழந்தையா இருக்கும்போது நிறைய மருந்து சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது அக்கா ஒரு மாதம் காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடந்தாள், அதற்குப் பிறகுதான் ஊதினாள் என்று அம்மாவே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். மருத்துவருக்கு உறுதி இல்லாமல் இருக்கலாம். எனக்கு இருந்தது.

அந்த ஞாயிறு மதியம் இருவரும் அக்கா வீட்டுக்குப் போனோம். கதவு திறந்திருந்தது. அக்கா தெருவைப் பார்த்துத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். தங்கை பையிலிருந்து அம்மாவின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, அவர் என்னைத் திருடிங்கறாரு. நான் எடுக்கலக்கா."

அக்கா சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் நம்பறேன்டி," என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காக முப்பத்தைந்து வருடம் காத்திருந்தவள் என் அக்கா. தனக்குக் கிடைக்காததை எடுத்துத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். தங்கை அவள் தோளில் விழுந்து அழுதாள். "உன்ன மூட்டைன்னேனே, மன்னிச்சுடுக்கா," என்றாள்.

"சரி விடு," என்றாள் அக்கா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "நான் எடுக்கலன்னு இப்ப அம்மாகிட்ட யாரு போய் சொல்றது?"

சொல்லியிருக்க வேண்டியவன் அதே அறையில்தான் நின்றிருந்தேன். அம்மா போய்விட்டாள், அக்கா இருக்கிறாள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அக்கா எழுந்து போய் இன்னொரு தட்டை எடுத்துவந்தாள். அதில் நிறையப் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"நீ சாப்பிடுடா. உனக்குத்தான் எவ்வளவு தின்னாலும் ஒட்டாதே."

நான் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன்.