உடைந்தாலும் ஓடுகிற ஆக்சில்

மலைமேல் இருக்கிற வாழவந்தி நாடு என்கிற ஊர்க்கூட்டத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, கையில் வார் அறுந்த செருப்பு. மரவள்ளி பிடுங்கும் வேலை முந்தின நாளோடு முடிந்திருந்தது. அடுத்த வேலை எங்கே? தெரியாது. கீழே இறங்குகிற பாதை எதுவோ, அதில் போய்க்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிப்பவர்களுக்கு இது பழகிய கதைதான். போன மழைக்குக் கோழிப்பண்ணை, அதற்கு முன் செங்கல் சூளை... ஒரே ஊரில் நாலு மாதம் இருந்தால் எனக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும்.

எடப்புளி நாட்டுப் பக்கம் ஒரு மண்பாதை வந்தது. பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பாறை, பள்ளம், மறுபடி பாறை. ஒரு பள்ளத்தின் ஓரமாகப் பழைய ஃபோர்வீல் ஜீப் ஒன்று இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. பின்சக்கரம் தனியாகப் புல்லில் கிடந்தது. இரண்டு பேர் அடியில் படுத்து நட்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் சும்மா போயிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

“என்னங்க, வண்டி களைச்சுப்போய் உக்காந்துருச்சா?” என்றேன்.

மூத்தவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். பெயர் பொன்னுசாமி. மிளகும் சாமையும் போடுகிற விவசாயி. கோபப்படவில்லை.

“எம் பொண்டாட்டிய ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப உக்காந்துச்சுங்க.”

“அடடா... இப்ப எப்படி இருக்காங்க?”

“காரியமெல்லாம் முடிஞ்சுதுங்க.”

ஜீப்புக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அங்கே படுத்திருந்தவர் செல்லதுரை. இறந்துபோன பெண்ணின் தம்பி. ஜீப் அவருடையது. அன்றைக்கு ஓட்டியதும் அவர்தான்.

இதைக் கேட்ட பிறகு எப்படி நடையைக் கட்டுவது? பையை இறக்கி வைத்தேன். லாரிப் பட்டறையில் கொஞ்ச காலம் கிரீஸ் குடித்தவன் நான். மூன்று பேருமாகப் பின் ஆக்சிலைக் கழற்றி ஓரமாகப் போட்டோம். அளவு பார்க்க, அதற்குள் முறிந்து கிடந்த ஷாஃப்ட் தண்டை மட்டும் எடுத்துக்கொண்டு தார் ரோட்டுக்கு நடந்தோம். சேந்தமங்கலம் போகிற மரவள்ளி டெம்போ ஒன்று நின்றது. செல்லதுரை முன்னால் ஏறிக்கொண்டார். நானும் பொன்னுசாமியும் பின்னால், மூட்டைகளின் மேல்.

அங்கேதான் அவர் சொன்னார்.

காலையில் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தில் ஷாஃப்ட் முறிந்துவிட்டது. அந்த வகை ஆக்சிலில் சக்கரத்தைப் பிடித்திருப்பதே ஷாஃப்ட்தான். அது போனால் சக்கரமும் கூடவே கழன்று வந்துவிடும்.

“நீங்க முன்ன போங்க மாமா, நான் எதாச்சும் பண்ணிட்டுப் பின்னாலயே வாரேன்னானுங்க. நான் அவள முதுகுல போட்டுக்கிட்டுக் குறுக்கு வழியில எறங்கிட்டேன்.”

“பேசினாங்களா?”

“கோழிக்கூட்டச் சாத்துனீங்களான்னு கேட்டாளுங்க. சாத்திட்டேன்னேன். தார் ரோட்டுக்கு வாரதுக்குள்ள... சத்தமில்லை.”

சரிந்த மூட்டையை இழுத்து வைத்துவிட்டு அவரே சொன்னார்: “கூட்டச் சாத்தவே இல்லீங்க.”

முன்னால் உட்கார்ந்திருந்த செல்லதுரையின் தலை ஒவ்வொரு வளைவுக்கும் ஆடியது. பொன்னுசாமி குரலைத் தாழ்த்தினார். “அன்னிக்கிருந்து அவன் அந்த வண்டியில ஏறவே இல்லீங்க. எடைக்குப் போட்டுடறேங்கறான். எங்கூர்ல வேற வண்டி ஏது? நாளைக்கு இன்னொருத்தருக்கு நெஞ்சு வலிச்சா? அதான், நல்ல ஆக்சிலா நீயே பாத்து எடு மாப்ளன்னு இழுத்துட்டு வந்திருக்கறேன்.”

ஆக, கடைக்குப் போவது ஆக்சில் வாங்க மட்டுமல்ல. ஓர் ஆளை மறுபடி ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைக்க.

சேந்தமங்கலத்துக்கு வெளியே, பழைய உதிரி பாகக் கடை. நடத்துவது ஓர் அக்கா. புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, காதில் பேனா. முறிந்த ஷாஃப்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இது இரும்பா, கரும்பா? கடிச்சுத் துப்புன மாதிரி இருக்குது!”

யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

“ஒடையாத ஆக்சில் வேணுங்க,” என்றார் செல்லதுரை. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை.

“எனக்கும் ஒண்ணு வேணும் கண்ணு. கெடைச்சாச் சொல்லு.”

செல்லதுரை சுவரில் சாய்ந்திருந்த ஒரு தடித்த ஷாஃப்டைத் தூக்கினார். புதுசு, நல்ல கனம். அக்கா தலையை ஆட்டினார்.

“அது முறுக்குத் தாங்குஞ் சாமி. ஆனா அது தாங்குனா நடுவுல இருக்கற கிரவுன் பல்லு தாங்காது. ஷாஃப்ட் போச்சுன்னா நடு ரோட்டுல மாத்திக்கலாம். கிரவுன் போச்சுன்னா உன்ற மலைக்கு எந்த கிரேன் வரும்?”

ஆக்சிலின் நடுவே பூசணிக்காய் மாதிரி உருண்டையாக இருக்குமே, அதற்குள் சுற்றுகிற பல்சக்கரம்தான் கிரவுன்.

“அப்ப எதத்தான் எடுக்கறதுங்க?”

“ஒடையுமா ஒடையாதாங்கற பேச்ச உடு. ஒடைஞ்சா வண்டி நிக்கோணுமா, போவோணுமா? அதச் சொல்லு.”

செல்லதுரை கையிலிருந்த ஷாஃப்டைத் திரும்பச் சுவரில் சாய்த்தார். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போயிற்று.

“போவோணுங்க.”

அக்கா ஆள் வைத்து உள்ளேயிருந்து ஒரு முழு ஆக்சிலை உருட்டி வரச் சொன்னார். பெரிய ஜீப் ஒன்றிலிருந்து கழற்றியது. இதில் சக்கரம் வெளிக்குழாயின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பாரமெல்லாம் குழாய்க்கு. உள்ளே இருக்கிற ஷாஃப்டுக்குச் சுற்றுகிற வேலை மட்டும். அது முறிந்தாலும் சக்கரம் கழலாது. முறிந்ததை உருவி எறிந்துவிட்டு, முன்சக்கரத்தை இழுக்க விட்டு, ஊர்ந்தாவது ரோட்டுக்கு வந்துவிடலாம்.

செல்லதுரை அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். சக்கரம் மாட்டுகிற இடத்தில் கையை வைத்தார்.

“அன்னிக்கு இது இருந்திருந்தா...?”

ஆமாம் என்றால் அந்த ஆள் அங்கேயே முடிந்துவிடுவார். அக்காவுக்கு விஷயம் தெரியாது. ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பழைய பேரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

பொன்னுசாமிதான் பேசினார்.

“இருந்திருந்தாலும் அவ்வளவுதான் மாப்ள. சக்கரம் கழர்றதுக்கு முன்னாலயே அவ போயிட்டா. மடியில வெச்சிருந்தவன் நானு, எனக்குத் தெரியாதா? அப்பச் சொன்னா நீ வண்டியக் கொண்டுபோயிப் பள்ளத்துல உட்டுருவேன்னுதான் வாயத் தொறக்கல.”

செல்லதுரை நிமிர்ந்து பார்த்தார். “அப்பறம் ஏன் மாமா முதுகுல தூக்கிட்டு ஓடுனீங்க?”

பொன்னுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“கீழ வெக்க மனசு வரலடா.”

கொஞ்சம் முன்னால்தான் மூட்டையின் மேல் உட்கார்ந்து கோழிக்கூட்டுக் கதையைக் கேட்டிருந்தேன். நான் எங்கே பார்ப்பது? கூரைத் தகரத்தைப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது என்பது வரைக்கும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எட்டாவதோடு நின்றுவிட்டேன். அதற்கு மேல் படித்திருந்தால், எப்போது சொல்லியே ஆக வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்திருப்பார்களோ... என்னவோ!

“இதையே எடுத்துக்கலாங்க,” என்றார் செல்லதுரை.

நம்பினாரா? நம்பியது போல் நடந்துகொண்டாரா? எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மத்தியானம், சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிய அதே டெம்போ எங்களைத் தார் ரோட்டில் இறக்கியது. ஊர் ஆட்கள் வந்து மூங்கிலில் கட்டி ஆக்சிலைச் சுமந்தார்கள். சாயங்காலத்துக்குள் மாட்டி முடித்தோம். ஜீப் நாலு காலில் நிமிர்ந்து நின்றது. ஊரே செல்லதுரையைப் பார்த்தது. அவர் சாவியோடு போய்க் கதவைத் திறந்தார். சீட்டைப் பார்த்தபடி நின்றார். கதவைச் சாத்தினார். ஊரைப் பார்த்து மேலே நடந்துவிட்டார்.

“காலையில ஏறிருவான்,” என்றார் பொன்னுசாமி. அன்று அவர் வீட்டில்தான் தங்கினேன். களி போட்டார். அளவு தெரியாமல், எங்கள் இரண்டு பேருக்கு நாலு பேர் சாப்பிடுகிற அளவு கிண்டியிருந்தார்.

காலையில் செல்லதுரை ஏறவில்லை. ஜீப்பைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். வாழைத்தார், மிளகு மூட்டை, காய்ச்சல்காரக் குழந்தையோடு ஒரு தாய். பொன்னுசாமி என்னிடம் வந்தார்.

“ஏனுங்க, லைசென்சு இருக்குதுங்களா?”

இருந்தது. சாவியை வாங்கிக்கொண்டேன்.

வண்டி கிளம்பும்போது செல்லதுரை ஓடி வந்து பின்னால் ஏறி, மிளகு மூட்டையின் மேல் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இறக்கத்தில், திரும்பிப் பார்க்காமலே அவர் குரல் வந்தது: “ரைட்டுல ஒடிச்சுப் புடிங்க... பாறை இருக்குது.”

டிரைவர் வேலை கிடைத்துவிட்டது என்று நண்பர்களிடம் சொன்னேன். அது சரியில்லை. கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே... செல்லதுரை வந்து உட்காருகிற வரைக்கும், அந்தத் துண்டு நான்.