பதில் சொல்லாத மில்லுக்காரி

ஒரு நெல்லைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிக்கிறார் ரஹ்மத் பீவி. கடித்ததை உள்ளங்கையில் எடுத்துப் பார்க்கிறார். நெல் காய்ந்துவிட்டதா, இன்னும் ஒரு வெயில் வேண்டுமா என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிடும். ஆனால் சொல்லமாட்டார். எதிரே நிற்பவர் கையில் இன்னொரு நெல்லை வைப்பார்.

"கடிச்சுப் பாரு. ஒனக்கு என்ன தோணுது?"

மன்னார்குடியிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில், வாய்க்கால் பாலத்தை ஒட்டி இருக்கிறது அவருடைய ரைஸ் மில். ஒரு எஞ்சின், நெல் அவிக்க ஒரு தொட்டி, காயப்போட ஒரு சிமெண்டுக் களம், பதினோரு ஆட்கள். சாலையைப் பார்த்த சுவரில் உதயசூரியனும் கதிர் அரிவாளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. "செவுரு கேட்ட ரெண்டு பேருமே நம்மகிட்டதான் அரைக்கிறாங்க" என்பார். தவிடு பறக்கும் கொட்டகைக்குள்ளும் வெள்ளைத் துப்பட்டிக்கு மேலே குடையை விரித்துக்கொண்டுதான் நடப்பார். மில் ஆட்கள் எல்லாருக்கும் அவர் பீவிம்மா.

இந்த 'என்ன தோணுது' ஆரம்பத்தில் ஆட்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. எஞ்சின் ஓட்டும் இராஜாங்கம் வாய்விட்டே புலம்புவார். "கூலிக்கு வேலையும் பாத்து, யோசனையும் நாமளே பண்ணணும்னா, அப்பறம் மொதலாளின்னு ஒருத்தங்க எதுக்கு?" பெல்ட் மாதத்துக்கு ஒருமுறை அறுந்துகொண்டிருந்தது. அவர் போய்ச் சொல்லும்போதெல்லாம் பீவி அதே கேள்வியைக் கேட்டுவிட்டுத் தேநீரை ஆற்றிக்கொண்டிருப்பார். வேறு வழியில்லாமல் இராஜாங்கம் யோசித்தார். எஞ்சின் ஒரு விரல் அகலம் கோணலாக நிற்பதைக் கண்டுபிடித்து நேராக்கினார். பெல்ட் அறுவது நின்றது. அன்றைக்கே உதிரிச் சாமான் பெட்டியின் சாவி அவர் இடுப்புக்கு வந்து சேர்ந்தது. இப்போது மில் வேலை முடிந்ததும் சுற்றுவட்டாரத்துப் பம்புசெட்டுகளுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். மில் ஸ்பானரைத்தான் கொண்டுபோகிறார், பீவிக்குத் தெரிந்தே.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் பினாங்கில் இருக்கிறார். அவர் பீவியின் கணவர். மில்லை மனைவியிடம் விட்டுவிட்டுக் கப்பலேறிய முதல் வருடமே எஞ்சின் படுத்துக்கொண்டது. என்ன செய்யலாம் என்று கேட்டு நீலக் கடுதாசி எழுதினார் பீவி. பதில் வர ஒரு மாதம் ஆனது. "அது வர்றதுக்குள்ள நானே ஆளப் புடிச்சுச் சரிபண்ணி, அரைச்சும் முடிச்சுட்டேன். பதிலுக்குக் காத்துகிட்டிருந்தா நெல்லெல்லாம் மொளச்சிருக்கும்" என்று சிரிப்பார். தான் கடுதாசி எழுதிக் கேட்ட மாதிரி வேறு யாரும் தன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது என்பது அவருடைய கட்சி.

களத்தில் நெல் துழாவும் தங்கம்மாளுக்கு அந்தக் கேள்வி விழுந்தது ஒரு ஐப்பசியில். குறுவை அறுப்பு நேரம். கூலியில் அரை மரக்கால் கூட்டிக் கேட்டுப் பன்னிரண்டு நாள் யாரும் வயலில் இறங்கவில்லை. வரப்போரம் போலீஸ் வேன் நின்றது. கடைசியில் கேட்டது கிடைத்தது. ஆனால் மழையில் ஈரமாக வந்த அந்தக் கூலி நெல்லை வைத்துக்கொண்டு, கூலியாட்கள் குடியிருக்கும் கீழத்தெருப் பெண்கள் திண்டாடினார்கள். வீட்டில் அவிக்கக் காய்ந்த விறகில்லை, காயப்போட இடமில்லை. மில் தொட்டியோ முழுக்க நிரம்பினால்தான் அடுப்பு மூட்டுவார்கள். தங்கம்மாளும் அந்தத் தெருதான்.

"நாப்பது வீட்டு நெல்லையும் ஒண்ணாக் கொட்டினா தொட்டி ரொம்பிடுமேங்கம்மா" என்றார்.

"ரொம்புமா? அப்ப செய்யி."

கீழத்தெருவில் கூலி நெல் என்றால் எல்லாம் ஒரே கூலி நெல்தான். யார் வயலில் என்ன ரகம் என்று அங்கே யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. தங்கம்மாளும் பார்க்கவில்லை. ஒரு பண்ணையின் குண்டு நெல்லும் இன்னொரு பண்ணையின் சன்ன நெல்லும் ஒரே தொட்டியில் விழுந்தன. சன்னம் வெந்து வெடித்தது, குண்டு உள்ளே வேகாமல் நின்றது. அரைத்தபோது பாதிக்கு மேல் குருணை.

போராடி வாங்கிய நெல் அது. பெண்கள் மில் வாசலில் கூடிவிட்டார்கள். "மிராசுதாரோட சேந்துகிட்டு எங்க நெல்லக் கெடுத்துட்டீங்க" என்று பொன்னுத்தாய் மண்ணை வாரித் தூற்றினார். தங்கம்மாள் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். வேலையும் போயிற்று, தெருவில் தலைகாட்டவும் முடியாது என்றே நினைத்தார். பீவி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'இவதான் கொட்டச் சொன்னா' என்று கையை நீட்டியிருந்தால் பழி முழுவதும் தங்கம்மாள் தலையில் விழுந்திருக்கும்.

"மில்லுல கெட்டுச்சுன்னா அது மில்லோட தப்பு" என்றார் பீவி. தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த அரிசி மூட்டைகளை எடுத்துவரச் சொல்லி, நாற்பது வீட்டுக்கும் குறையில்லாமல் அளந்து போட்டார். குருணையைத் தன் வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு மாதம் அந்த வீட்டில் குருணைக் கஞ்சிதான். கூட்டம் கலைந்தபிறகு தூணைப் பார்த்து, "வெளிய வா புள்ள. நாளைக்கு எப்படிச் செய்யப்போற?" என்றார்.

தங்கம்மாள் அழுது முடித்துவிட்டுத்தான் சொன்னார்: "குண்டு நெல்லு ஒரு நாளு, சன்னம் ஒரு நாளுன்னு பிரிச்சு வாங்கிக்கிறங்கம்மா."

"அப்ப தெருவுல போய்ச் சொல்லிட்டு வா."

இன்றும் அதைச் சொல்லும்போது தங்கம்மாள், திட்டியிருந்தால் மறந்திருப்பேன் என்பார். அந்த வருடம் முடிவதற்குள் ஆறு ஊர்க் கூலி நெல் அவரை நம்பி மில்லுக்கு வந்தது. மிராசுதார் பஞ்சநதம் மட்டும் பீவியை எச்சரித்தார். "ரொம்ப எடம் குடுக்கறீங்க. நாளைக்கே அவ தனியா தொட்டி போட்டு ஒக்காந்துடுவா, பாருங்க."

"போடலன்னாதாங்க எனக்கு வருத்தம்" என்றார் பீவி.

பஞ்சநதம் வாய்முகூர்த்தம் பலித்தது. குடியிருப்பு மனைகள் குடியிருப்பவர்களுக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டு, தங்கம்மாள் கையில் பட்டா வந்தது. அவர் பரம்பரையில் முதல் சொந்த மண். அதில் ஒரு தொட்டியும் சின்னக் களமும் போட வேண்டும் என்ற ஆசை அவரைத் தூங்கவிடவில்லை. பீவியிடம் சொல்லவோ கூசியது. மூன்று நாள் சுற்றிச் சுற்றி வந்து, நான்காம் நாள் தரையைப் பார்த்தபடி சொன்னார். பீவி வெற்றிலையை மென்று முடித்தார்.

"பின்னால பழைய சின்னத் தொட்டி சும்மாதான் கெடக்கு. ஓட்டைய ராஜாங்கத்த அடைக்கச் சொல்றேன். எடுத்துட்டுப் போ."

தை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை தங்கம்மாள் அடுப்பைத் தயார் செய்து காத்திருந்தார். ஆறு கூடைதான் வந்தது. அந்த ஆறு பேரும் தயங்கித் தயங்கியே நின்றார்கள். மற்றவர்கள் வீட்டு வாசலோடு நின்றுகொண்டார்கள். "பீவிம்மா நம்ம வயித்தக் காப்பாத்தினவங்க. அவங்க மில்லுக்கு எதிரா நெல்லக் கொண்டாந்து எப்படிக் கொட்டுறது?" என்று பொன்னுத்தாய் கேட்டார். தங்கம்மாளுக்கும் அதே கேள்விதான் நெஞ்சில் கிடந்தது. தொட்டியில் பாதிகூட நிரம்பவில்லை. அடுப்பு மூட்டினால் விறகுதான் பாழ். உச்சி வெயில் ஏறிற்று. தொட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவர் எழுந்தபோது, தெருக்கோடியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மில்லுக்காரர் வீட்டுப் பெண்கள் யாரும் அதுவரை நடந்திராத அந்தத் தெருவில், தன் வீட்டு நெல் நிறைந்த கூடையை இடுப்பில் ஏந்திக்கொண்டு ரஹ்மத் பீவி வந்துகொண்டிருந்தார். தங்கம்மாள் ஓடிப்போய்க் கூடையை வாங்கி முதலில் வைக்கப் பார்த்தார். பீவி விடவில்லை. ஆறாவது கூடைக்குப் பின்னால் தன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தன் முறை வரட்டும் என்று அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டார்.