திருச்சிக் குரல்களும் என் முதுகலை ஆராய்ச்சியும்

ஆராய்ச்சி முதுகலை என்பது, என்ன படிக்கிறோம் என்று வீட்டுக்குக் கடைசிவரை புரியவைக்க முடியாத படிப்பு, பட்டவர்களுக்குத் தெரியும்.

பரீட்சை எங்கே?

கனடாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க இடம் கிடைத்ததும் திருச்சி பாலக்கரையில் எங்கள் வீட்டில் பிரியாணி போட்டார்கள். போன பிறகுதான், இரண்டே பாடம், அதற்கு மட்டும்தான் பரீட்சை, மிச்சமெல்லாம் ஆராய்ச்சி என்று போனில் சொன்னேன். அம்மா பதறிவிட்டார்.

"வகுப்பெடுக்க ஆளில்லாத காலேஜுக்கா உன்னை ஃபிளைட் ஏத்தி விட்டோம்?"

உடும்பு

பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் தமிழ் புரோகிராம்தான் என் ஆராய்ச்சி. செய்தி வாசிப்பவர் பேசினால் பிழையில்லாமல் எழுதியது. அத்தா அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டுப் பார்த்தேன். "உடம்பப் பாத்துக்கம்மா" என்றிருந்தார். அது "உடும்பைப் பார்த்துக்கொள் அம்மா" என்று எழுதியது. தமிழ் தெரியாத என் பேராசிரியருக்கு விளக்கினேன். வயிறு குலுங்கச் சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"உன் அப்பா சரியாகத்தான் பேசியிருக்கிறார். ஊருக்குப் போய் அவரைப் போன்றவர்களின் குரல்களைப் பதிந்து வா."

நாலு பக்கப் படிவம்

லீவில் ஊருக்கு வந்தேன். பேசுகிறவர் ஒவ்வொருவரும் பல்கலைக்கழகத்தின் நாலு பக்கச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பெரிய கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மும்தாஜ் அக்கா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"குரலைத்தானேம்மா கேக்குற? சம்மதம்னு அந்தக் குரலாலேயே சொன்னா ஏத்துக்க மாட்டாங்களா?"

லேத் பட்டறை

துவாக்குடியில் எனக்காக லேத்தையே நிறுத்தினார்கள். பட்டறை அமைதியாகிவிட்டது, ஆனால் மாரியப்பன் அண்ணன் அப்போதும் கத்தித்தான் பேசினார். மைக் தாங்காது, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்க என்றேன்.

"மெதுவாப் பேசினா அது என் குரல் இல்லம்மா. டாக்டர்கிட்ட போறப்ப பேசுற குரல்."

செல்வம் சார்

கைலாசபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து செல்வம் சார் தானாகவே தேடி வந்தார். ஆலையில் வேலை. "திக்கிப் பேசுவேன், பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். பேசச் சொல்லி நான் கொடுத்த வாக்கியங்களை மற்றவர்கள் அரைமணியில் முடித்தார்கள், அவருக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு சொல்லில் அவர் நின்றபோது அதை நானே முடித்துவிட வாயெடுத்தேன். நல்லவேளை, அடக்கிக்கொண்டேன்.

கனடா திரும்பிச் சோதித்தால், அவர் பேச்சில்தான் பிழைகள் குவிந்தன. அவரை எடுத்துவிட்டால் முடிவுகள் அழகாக இருக்கும் என்றார் பேராசிரியர். இரண்டு நாள் யோசித்தேன். முடிவுகள் மோசமாகிப் பட்டம் தள்ளிப்போனால் வீட்டில் என்ன சொல்வது? கடைசியில், "அவரும் திருச்சிக்காரர்தான் சார், எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, புரோகிராம் எங்கே தோற்றது என்று தனி அத்தியாயமே எழுதினேன். வாய்மொழித் தேர்வில் அந்த அத்தியாயத்தை வைத்தே துளைத்தெடுத்தார்கள். எப்படியோ தேறினேன்.

முதல் வேலையாகச் செல்வம் சாருக்குப் போன் செய்தேன். "நீங்க பேசினதுல பாதிக்கு மேல அதுக்குப் புரியல சார், மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"அதனால என்னம்மா? நான் முடிக்கிற வரைக்கும் அது குறுக்கப் பேசலையே."

மெஷினுக்குக் கேட்கச் சொல்லித்தரப் போய் நான்தான் கற்றுக்கொண்டு வந்தேன். சான்றிதழில் என்னவோ கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.