கடப்பாரை படாத கீழ் வரிசை

போன வருடம் சித்திரை வெயிலில், ஹைதராபாத் லோத்குண்டாவில் ஆரம்பித்தது இது. எட்டாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராகக் கூலி வேலைக்குப் போகிறவன் நான். அப்போது அங்கே ஒரு கட்டட வேலை. மேட்டை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் எங்கள் தகரக் கொட்டகைகள். பின்னால் நின்ற மண்சரிவில், மேலே ஒன்று கீழே ஒன்றாக, குறுக்கே இரண்டு வரிசை வெட்டிவேர் இடுப்புயரம் வளர்ந்திருந்தது.

கொட்டகைக்குள் இருக்க முடியாத சூடு. எங்கள் ஊரில் வெட்டிவேர் என்றால் பானைத் தண்ணீரில் போடுவோம். வேறெதற்கு நடுவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு மதியம் மேல் வரிசையில் ஆறு தூரைக் கடப்பாரையால் தோண்டினேன். மண்ணை விடாமல் அப்படி ஒரு பிடி, உள்ளங்கை கொப்புளித்துவிட்டது.

அடுத்து கீழ் வரிசையில் கை வைக்கப் போனபோது, செடிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் வந்துவிட்டார். என்னைவிட இளையவர். ரயில்வே வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம்.

“அண்ணா, நக்கோ! கைக்கு தோண்டுறீங்க?” ‘வேண்டாம், எதுக்கு’ என்பதை அந்த ஊர்ப் பேச்சில் அப்படிக் கேட்டார்.

“பானையில போடத்தாம்மா.”

“இது மேடு சரியாம இருக்க வெச்சதுண்ணா.”

“ஆறு தூர் போனா மேடு ஓடிருமாக்கும்?”

“ஓடுச்சுன்னா அதுக்கு முன்னால நீங்க ஓடணும்.”

கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு, அந்த இடத்தில் நட ஆறு நாற்று கொடுத்தார். நட்டேன். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் சுமக்கச் சோம்பல்பட்டேன். காய்ந்துவிட்டன. அவரிடம் சொல்லவில்லை.

ஆடியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை, வேலை இல்லாமல் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பின்னால் கனமாக ஏதோ விழும் சத்தம். திரும்பினால், நான் தோண்டிய இடத்திலேயே மண் உடைந்து இறங்குகிறது. நேர் கீழே எங்களோடு வேலை செய்யும் கொத்தனாரின் கொட்டகை. தூளியில் அவருடைய மூன்று மாதக் குழந்தை. தாய் குழாயடிக்குப் போயிருந்தாள்.

ஓடினேன். எனக்கு முன்னால் மண் கீழ் வரிசைக்கு வந்துவிட்டது. புல் மொத்தமாகச் சாய்ந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் மண் அங்கேயே குவிந்து நின்றுவிட்டது. செந்நிறத் தண்ணீர் மட்டும் புல்லுக்கிடையில் வடிந்து தூளிக்கு அடியில் ஓடியது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தூக்கி வெளியே கொண்டு வந்தேன். குடத்தோடு ஓடி வந்த தாய், “ஏமாயிந்தி அன்னா?” என்று, என்ன ஆச்சு என்பதைத் தெலுங்கில் திரும்பத் திரும்பக் கேட்டாள். குழந்தையை அவள் கையில் கொடுத்தேன்.

நாற்று காய்ந்ததை அன்றே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அவர் உடைந்த மேட்டை அண்ணாந்து பார்த்தார். “கீழ் வரிசை இருக்கேண்ணா. மழை விடட்டும், மேல மறுபடி நடலாம்” என்றார்.

மழை விட்டதும் நட்டேன். வேர் பிடிக்கும்வரை குடம் குடமாகத் தண்ணீரும் சுமந்தேன். அதன் பிறகு இரண்டு ஊர் மாறிவிட்டேன். இன்றும் எங்காவது பானைத் தண்ணீரில் அந்த மணம் வந்தால், அன்று என் கடப்பாரையைப் பிடுங்கிய கையை நினைத்துக்கொண்டுதான் நிம்மதியாகக் குடிக்கிறேன்.